முதலைவாய்ப் பிள்ளையின் வயது

முதலை உமிழ்ந்த பிள்ளைக்கு அப்போது என்ன வயது? அவிநாசி அற்புதத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தக் கேள்வியை அவ்வளவாகக் கேட்பதில்லை. திருப்புக்கொளியூர் என்று அன்று வழங்கிய அந்த ஊருக்குச் சுந்தரர் வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மேளம், எதிர்வீட்டில் அழுகை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகக் குளிக்கப் போனவர்கள்; ஐந்து வயதில் ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. சுந்தரர் பதிகம் பாட, விழுங்கிய முதலையே கரைக்கு வந்து பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இதைப் பெரியபுராணத்தில் பாடிய சேக்கிழார் ஒன்றை விடாமல் சொல்கிறார்: வந்தவன் ஐந்து வயதுக் குழந்தை அல்ல, இடைப்பட்ட ஆண்டுகளுக்கு உரிய வளர்த்தியோடு வருகிறான். எதிர்வீட்டுப் பையனைப் போல அவனுக்கும் பூணூல் போடும் பருவம் வந்துவிட்டது. அற்புதம் பிள்ளையைத் திருப்பித் தந்தது. பெற்றவள் அழுது கழித்த ஆண்டுகளை நடக்காதவை ஆக்கவில்லை. நடந்ததை அழிக்காமல் அருள் செய்ய முடியுமா என்ற சமயக் கேள்விக்கு அந்தக் கதை தரும் விடை இது. மிகுபுனைவு நாவல்களில் எது மனத்தில் நிற்கிறது, எது ஏமாற்றுகிறது என்பதையும் இந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி.

1950-இல் வெளியான, சி. எஸ். லூயிஸின் முதல் நார்னியா நாவலை எடுத்துக்கொள்வோம். நான்கு பிள்ளைகள் ஓர் அலமாரி வழியாக வேறோர் உலகத்துக்குப் போகிறார்கள். அங்கே ராஜாக்களாகவும் ராணிகளாகவும் பல ஆண்டுகள் ஆண்டு, முழு வயது மனிதர்களாக வளர்ந்து, ஒருநாள் அதே அலமாரி வழியாகத் திரும்பி விழும்போது மறுபடி சிறு பிள்ளைகள். இங்கே கொஞ்ச நேரம்கூடப் போயிருக்கவில்லை. ஒரு ராஜ்யத்தையே ஆண்டவள் மறுநாள் காலை மறுபடி பள்ளிச் சிறுமி. அந்த வேதனையைப் பற்றி நாவலில் பேச்சில்லை. இதே புத்தகத்தில் மிக உயர்ந்த ஓர் இடமும் உண்டு. மிட்டாய் ஆசையில் உடன்பிறந்தவர்களைக் காட்டிக்கொடுத்த எட்மண்டுக்காகச் சிங்கம் அஸ்லான் கல்மேடையில் தன் உயிரைக் கொடுக்கிறது. அந்தக் குற்றத்தை யாரும் ஊதித் தள்ளவில்லை, ஒருவர் சுமந்தார். அதனால்தான் அந்தப் பக்கங்கள் இன்றும் நெஞ்சை அடைக்கின்றன. 1956-இல் வந்த கடைசி நாவலில் லூயிஸ் இதையே மறந்துவிட்டார். ரயில் விபத்தில் இறந்தவர்கள் எல்லோரும் ஒளி நிறைந்த நாட்டில் கூடிக் களிக்கிறார்கள். அந்த நால்வரில் சூசன் மட்டும் அங்கே இல்லை. அழகுப் பூச்சிலும் விருந்துகளிலும் மனம் போனவள், இனி நார்னியாவின் தோழி அல்ல என்று சில வாக்கியங்களில் அவள் கதை முடிகிறது. ஒரே நாளில் தாய், தகப்பன், அண்ணன், தம்பி, தங்கை ஐவரையும் இழந்த பெண் அவள். அந்த ஐவரின் ஆனந்தத்தில் அவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பின்னாளில் ஒரு வாசகருக்கு எழுதிய கடிதத்தில், சூசன் திருந்த இன்னும் காலம் இருக்கிறது என்று லூயிஸ் எழுதியது உண்மை. ஆனால் கடிதம் நாவல் ஆகாது.

லூயிஸ் நம்பிக்கையுள்ள கிறிஸ்தவர், அருள் விலையில்லாமல் கிடைப்பது, அதை ஏன் கணக்குப் பார்க்கிறீர்கள் என்று கேட்கலாம். அவிநாசியிலும் பெற்றவர்கள் விலை எதுவும் கொடுக்கவில்லை. அருளுக்கு விலை கேட்பது என் வாதம் அல்ல. நடந்த துயரத்துக்கு அது மரியாதை தர வேண்டும் என்பதுதான். லூயிஸின் நண்பர் டோல்கீனும் நம்பிக்கையுள்ளவர்தான், ஆழ்ந்த கத்தோலிக்கர். 1954-55-இல் வெளியான அவருடைய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் நாயகன் ஃப்ரோடோ, உலகையே அடிமையாக்கக்கூடிய மோதிரத்தை நெருப்பில் போட வேண்டிய கடைசிக் கணத்தில் தோற்றுப்போகிறான். அது தனக்கே என்கிறான். முன்பு இரக்கப்பட்டு உயிரோடு விட்ட கொல்லம் என்பவன் அவன் விரலைக் கடித்து மோதிரத்தைப் பிடுங்கி நெருப்பில் விழுவதால்தான் உலகம் பிழைக்கிறது. எதிர்பாராமல் வந்த அருள் அது. ஆனாலும் ஃப்ரோடோவின் பழைய கத்திக்காயம் குத்துப்பட்ட அதே நாளில் ஆண்டுதோறும் வலிக்கிறது. தான் காப்பாற்றிய ஊரில் தானே வாழ முடியாமல் கப்பலேறுகிறான். வெற்றி வந்தபின் காயத்தை மறைக்காத நாவலாசிரியரை நம்பத் தோன்றுகிறது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. புராணம் வேறு, நாவல் வேறு. பக்தர் நம்புகிறார், வாசகர் நம்புவதாக ஒப்புக்கொள்கிறார், இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? நம்பிக்கையின் தன்மை வேறுதான். ஆனால் நம்பிக்கை உள்ளவர்களே தங்கள் கதையில் அநியாயத்தை மூடி மறைக்கச் சம்மதிக்கவில்லை என்பதற்கு அவிநாசிக்குப் பக்கத்திலுள்ள சேவூரே சாட்சி. அங்கே ஈசனுக்கு வாலீஸ்வரர் என்று பெயர். ராமாயணத்து வாலி பூசித்த தலம் என்பது ஊர் வழக்கு. ராமன் மறைந்து நின்று எய்த அம்பால் இறந்தவன் பெயரைச் சுவாமிக்கு வைத்துக் கும்பிடுகிற ஊர் அது. ராமனைத் தெய்வமாகவே பாடிய கம்பரும் வாலியின் வாயை அடைக்கவில்லை. அம்பைப் பிடுங்கி அதிலிருந்த பெயரைப் படித்தபின் வாலி கேட்கும் கேள்விகள் சுருக்கென்றுதான் தைக்கின்றன. ஏன் மறைந்து எய்தான் என்ற கேள்விக்குப் பதில் சொல்வதும் ராமன் அல்ல, லட்சுமணன்.

வாலி கடைசியில் தெளிந்து வணங்கினான், வீடுபேறு அடைந்தான், கணக்குத் தீர்ந்தது என்பார்கள். தீர்ந்திருந்தால் அவன் சாகும்போது கேட்ட வரம் எதற்கு? என் தம்பி கள் குடித்து மதி மயங்கிப் பிழை செய்தாலும் என்மேல் விட்ட அம்பை அவன்மேல் விடாதே என்கிறான். அண்ணனைக் கொல்வித்தவன் என்று உன் தம்பிகள் அவனை இகழ்ந்தால் தடுத்துவிடு என்றும் கேட்கிறான். மோட்சம் பெறுகிறவனுக்கும் அது கொலையாகவே தெரிகிறது. அந்தப் பழிச்சொல் தம்பியைத் துரத்தும் என்பதும் தெரிகிறது.

பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு ஒரு கதைப்புத்தகம் ஆறுதல் தந்தால் போதாதா, அதில் ஏன் இவ்வளவு பாரம் என்று கேட்பவர்களும் உண்டு. சிறையிலிருப்பவன் தப்ப நினைப்பதில் தவறில்லை என்று 1939-இல் நிகழ்த்திய உரையில் டோல்கீன் வாதிட்டது எனக்கும் சம்மதமே. ஆனால் உழைத்துக் களைத்த ஒருவரிடம் ‘உன் களைப்பு நிஜமல்ல’ என்பது ஆறுதலா? பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’ (2016) அப்படிச் சொல்லாத நாவல். எங்கிருந்தோ வந்த ராட்சத உருவம் கொண்ட ஒருவன் ஏழைக் கிழவனுக்கு ஓர் ஆட்டுக்குட்டியைக் கொடுக்கிறான்; அது ஒரே ஈற்றில் ஏழு குட்டி போடும் அதிசய ஆடு. வேறு கையில் இது வரம் பெற்ற குடும்பத்தின் கதையாகியிருக்கும். இங்கே ஏழு குட்டிக்கும் பால் வேண்டும். மழை பொய்த்தால் தழை வேண்டும். விற்ற குட்டிகளைத் தேடித் தாய் ஆடு தவிக்க வேண்டும். அதிசயத்துக்குத் தீனி போட வேண்டியவர்கள் அந்தக் கிழவனும் கிழவியும்தான்.