தள்ளிப்போன தவணை

பேசாமல் வைத்திருக்கும் மொழி உறங்குவதில்லை. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்கள் முன்னால் சில பொருள்களைப் பரப்பி, அஞ்சல்தலையை எடுத்து வைக்கும்படி ரஷ்ய மொழியில் சொன்னார்கள். அந்த மொழியில் அஞ்சல்தலைக்கு 'மார்கா' என்று பெயர். கேட்டவர்களின் கண் அடிக்கடி, ஒரு நொடிகூட நிற்காமல், அங்கே கிடந்த மார்க்கர் பேனாவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. ஆங்கிலத்தை யாரும் கூப்பிடவில்லை. அதுவாகவே வந்து நின்றது.

*

அப்படியானால் இருமொழிக்காரருக்கு ஒன்றைப் பேசுவது பாதி வேலைதான். மற்றதை அடக்கி வைப்பது மீதிப் பாதி. மூளையின் முன்மடலும், அடியாழத்தில் உள்ள சில நரம்புத் திரள்களும் நாள் முழுக்க இதைச் செய்கின்றன. செய்கிறவருக்கே தெரியாது. இந்த ஓயாத வேலையால் மூளைக்கு லாபம் உண்டா?

*

ஹைதராபாத் பஞ்சகுட்டாவில் நிஜாம் மருத்துவ அறிவியல் கழகம் இருக்கிறது. ஊரார் வாயில் 'நிம்ஸ்'. அங்கே மறதிநோய்க்காக வந்த 648 பேரின் விவரங்களை நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடியும் உடன் ஆய்ந்தவர்களும் அலசி 2013இல் வெளியிட்டார்கள். 391 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுகிறவர்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட இவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு பிந்தித் தொடங்கியிருந்தது.

டொரன்டோவில் எல்லன் பியாலிஸ்டாக் குழுவினர் 2007இலேயே இதுபோல ஒன்றைச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அங்கே இருமொழிக்காரர்களில் பலர் குடியேறிகள். கடல் கடந்து பிழைக்கத் துணிந்தவர்களின் உடலுறுதிதான் காரணமோ என்று கேட்க இடமிருந்தது. ஹைதராபாத்தில் அந்தக் கேள்வி எழாது. தெலுங்கும் தக்கினி உருதும் இந்தியும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் அது. இரண்டாம் மொழிக்காக யாரும் கப்பல் ஏற வேண்டியதில்லை. 'படித்தவர்கள், அதனால்தான்' என்று சொல்லவும் வழியில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அதே தாமதம் தெரிந்தது. எனக்கு இந்த ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சிலேட்டையே தொடாத ஒருவர் சந்தையிலும் எதிர்வீட்டுத் திண்ணையிலும் பழகிய பேச்சு, அவர் மூளைக்குப் பள்ளிக்கூடம் தராத எதையோ தந்திருக்கிறது.

மூன்றாவது, நான்காவது மொழிகளால் கூடுதல் பலன் தெரியவில்லை. பன்மொழிப் புலவர்களுக்குச் சற்று ஏமாற்றம்தான்.

*

தள்ளிப்போனது எது? 2012இல் டொரன்டோவில் அல்சைமர் நோயாளிகளின் ஸ்கேன்களை ஒப்பிட்டார்கள். நினைவும் செயல்திறனும் ஒரே அளவில் இருந்தவர்களில், இருமொழிக்காரரின் மூளைதான் அதிகம் சுருங்கியிருந்தது. நோய் வந்துவிட்டது; மூளை சமாளித்துக்கொண்டிருந்தது. கடன் தள்ளுபடி ஆகவில்லை, தவணைதான் தள்ளிப்போயிருக்கிறது. வீட்டார் கவனிக்கும் நேரத்தில் உள்ளே சேதம் வெகுதூரம் போயிருக்கும் என்று நினைத்தால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. இருந்தாலும், பேரப்பிள்ளையின் பெயர் நினைவில் நிற்கிற நாலு வருடத்தை வேண்டாம் என்பவர் யார்?

*

பக்கவாதம் வந்த 608 பேரைப் பற்றிய நிம்ஸ் ஆய்வு 2016இல் வந்தது. அதன்பிறகும் அறிவாற்றல் சீராக இருந்தவர்கள், இருமொழிக்காரர்களில் சுமார் 40 விழுக்காடு, ஒருமொழிக்காரர்களில் 20. ஆனால் பேச்சிழப்பு இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். இரண்டு மொழி வைத்திருந்ததால் காப்பாற்றப்பட்டவை கவனம் முதலிய மற்றத் திறன்கள். பேச்சுக்கு மட்டும் சலுகை கிடைக்கவில்லை. இதை வெகுநேரம் யோசித்தேன். பயிற்சி நடந்தது மொழியில் அல்ல, அடக்குவதில் என்று எடுத்துக்கொண்டால் ஒருவாறு புரிகிறது.

*

மறுப்பும் உண்டு. வடக்கு மன்ஹாட்டனில் ஸ்பானிய மொழி பேசும் குடியேறிகள் 1,000 பேருக்கு மேல் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டார்கள். ஆங்கிலமும் தெரிந்தவர்களுக்குத் தொடக்கத்தில் நினைவாற்றல் மதிப்பெண் கூடுதலாக இருந்தது. மறதிநோய் வருவது மட்டும் அதனால் குறையவில்லை. மருத்துவமனைக்கு வந்தவர்களை எண்ணுவதும், வராதவர்களையும் சேர்த்து வருடக்கணக்கில் பின்தொடர்வதும் ஒன்றல்ல. ஹைதராபாத் முடிவை இதற்காகத் தூக்கி எறிய மாட்டேன். மொழி வகுப்பை மருந்துபோல விற்கும் விளம்பரங்களை நம்பவும் மாட்டேன்.

ஹைதராபாத்தின் அந்த 391 பேரில் மூளையின் நலம் கருதி இரண்டாம் மொழி பேசியவர் ஒருவரும் இருக்க மாட்டார். எதிரே நின்றவருக்கு உருதுதான் தெரியும், சாமான் விற்றாக வேண்டும், பேசினார்கள்.