பழைய காரும் பொருள் வரைதலும்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் ஐந்தாவதாகிய பொருள் வரைதலைப் பற்றி நம்மிடையே எழும் ஐயங்கள் பெரும்பாலும் எண்ணிக்கையைப் பற்றியவை. நிலம் எவ்வளவு, பொன் எவ்வளவு, வண்டி எத்தனை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வரைந்துகொண்ட எல்லைக்குள் இருக்கும் ஒரு பொருளை எவ்வளவு தூரம் பேணலாம் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. சாகுபுரத்தில் வாழும் சிராவகர் ஒருவர் அண்மையில் நம்மிடம் கேட்டது அதைத்தான். கேள்வி எழுந்த இடம் ஒரு காரின் கண்ணாடி ரப்பர்!

சாகுபுரம் நம்மவர் அறிந்த பெயரே. ஞானபீடத்தை நிறுவிய சாகு சாந்தி பிரசாத் ஜைனின் குடும்பத்தவரான சாகு சிரேயான்ஸ் பிரசாத் ஜைன் வழியினரின் காஸ்டிக் சோடா, பி.வி.சி. ஆலையைச் சுற்றி, ஆறுமுகநேரி உப்பளங்களின் அருகே எழுந்த ஊர் அது. உப்புக் காற்று இரும்பைத் தின்னும் கரை. அங்கே அவர் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை வைத்திருக்கிறார். 1961 முதல் சென்னையில் செய்யப்பட்ட வண்டி. இங்கிலாந்தில் 1962இல் வெளிவந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் பந்தய வகைக் கார், இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி அதன்மேல் எழுப்பப்பட்டதுதான். இரண்டையும் வடிவமைத்தவர் மிக்கேலொட்டி என்னும் இத்தாலியர்.

2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய வெள்ளத்தின் முன் ரப்பர் எம்மாத்திரம்! வண்டி மேட்டில் நின்றதால் தப்பியது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையின் சாதாரண மழைக்கே உள்ளே நீர் இறங்குகிறது. காற்றிலுள்ள ஓசோன் இயற்கை ரப்பரை, அதிலும் இழுத்துப் பொருத்திய மூலைகளில், வெடிக்கச் செய்யும். வெயில் அதை இறுக்கிவிடும். கண்ணாடிகளுக்கெல்லாம் புது ரப்பர் போட வேண்டும். "விரதம் ஏற்ற நான் இதற்குச் செலவிடுவது பற்றா, கடமையா? விற்றுவிடலாமா?" என்பது அவர் கேள்வி.

விற்பதால் பற்று நீங்கிவிடும் என்று நாம் கருதவில்லை. பழையதை விற்றுப் புதியது வாங்குவோர் எண்ணிக்கையில் எல்லையைக் காக்கலாம். ஆசைக்கு அங்கே எல்லையில்லை. இருப்பதைச் செப்பனிட்டு இருபதாண்டு ஓட்டுவது வரைதலுக்கு இணக்கமானதே. இன்னொன்றும் உண்டு. நனைந்த கால்விரிப்பின் அடியிலுள்ள சணல் மெத்தையில் பூசணம் பூக்கும், எறும்பும் பூச்சியும் குடியேறும். பிறகு அதைத் துப்புரவு செய்தால் கொலை, செய்யாவிடில் மிதித்துக் கொலை. நீரை வடிகட்டுவதும் உணவை இரவு தங்கவிடாமையும் உயிர்கள் தோன்றி மடிய இடம் கொடுக்காமைக்காக அல்லவா? காலத்தே ரப்பரை மாற்றுதலும் அவ்வரிசையில் சேரும்.

ஆயினும் பரிக்கிரகம் என்பது பொருளன்று, பொருளின்மேல் உள்ள மயக்கமே என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. அம்மயக்கத்தை அளக்க இந்த ரப்பரே போதும். உள்ளூரில் வார்த்த இ.பி.டி.எம். ரப்பர் ஓசோனையும் வெயிலையும் பழைய சரக்கைவிட நன்றாகத் தாங்கும், மழையையும் தடுக்கும். ஆனால் நம் நண்பர் சீமையிலிருந்து அக்காலத்து அச்சு மாறாத ரப்பரை வரவழைக்க விரும்புகிறார். ஏன் என்று வினவினோம். பழங்கார் அணிவகுப்புகளில் பார்ப்பவர் கண்ணுக்கு வேறுபாடு தெரிந்துவிடுமாம். நீரைத் தடுக்க வாங்கும் ரப்பர் பேணுதல். பிறர் கண்ணுக்காக வாங்கும் ரப்பர் பற்று. இதை அவரிடம் ஒளிக்காமல் சொன்னோம். முகம் சற்று வாடினார்.

பட்டறைக்காரர் சொன்ன ஒரு செய்தி நம் சிந்தனையைத் தூண்டியது. முன்கண்ணாடி ரப்பரின் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி, சோப்பு நீர் தடவி, உள்ளிருந்து கயிற்றை உருவி உதட்டைத் தகட்டின்மேல் ஏற்றுவார்கள். அதற்குமுன் தகட்டின் ஈரமும் துருவும் போயிருக்க வேண்டும். ஈரத்தின்மேல் ரப்பரை ஏற்றினால் உள்ளேயே அரித்துவிடும். ஊற்றை அடைக்கும் செறிப்போடு, முன்பே சேர்ந்ததைப் போக்கும் உதிர்ப்பும் வேண்டும் என்று நம் ஆசான்கள் தனித்தனியே எண்ணியதன் காரணம் இதனால் எளிதில் விளங்கும். கதவுக் கண்ணாடியின் செய்தி இன்னும் நுட்பமானது. ஏறி இறங்கும் கண்ணாடியின் ஓரத்தில் எந்த ரப்பரும் நீரை முற்றும் தடுக்காது. கொஞ்சம் உள்ளே இறங்கும் என்று ஏற்றுக்கொண்டே, செய்தவர்கள் கதவின் அடியில் வடிதுளைகள் வைத்தார்கள். ஆர்வமிகுதியால் அத்துளைகளையும் பசை பூசி அடைப்பவர்கள் உண்டு. அக்கதவு அடியிலிருந்து மட்கும். முற்றத் துறந்த முனிவரின் மகாவிரதத்தை இல்லறத்தார்மீது அப்படியே சுமத்தாமல் அணுவிரதம் வகுத்தவர்களின் கருணையை இங்கே நினைத்துக்கொண்டோம். நாள்தோறும் பிரதிக்கிரமணம் செய்வது நமக்கு வடிதுளை.

நண்பர் இப்போது உள்ளூர் ரப்பருக்கே இசைந்துவிட்டார். ஆனால் புதிய ஐயம் ஒன்றைத் தாமே கண்டுபிடித்திருக்கிறார். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகத்தோடு ஸ்டியரிக் அமிலமும் சேர்ப்பது வழக்கம். அது பனையெண்ணெயிலிருந்தும் கிடைக்கும், மாட்டுக்கொழுப்பிலிருந்தும் கிடைக்கும். தாம் வாங்கப்போவதில் எது என்று கேட்டு வார்ப்பவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். விடை வரும்வரை வண்டி கொட்டகையில் நிற்கிறது.