வெட்டி வேலை

பொழுதுபோக்கு என்ற சொல்லை முதலில் வழங்கியவர் பொழுதோடு பகை கொண்டவராக இருந்திருக்க வேண்டும். வேண்டாத விருந்தாளியை எப்படியாவது வழியனுப்பி வைப்பது போல, பொழுதையும் போக்கிவிட்டால் போதும் என்று அவர் நினைத்திருக்கிறார். ஆனால் ஓய்வு நேரத்தில் மனிதன் விரும்பிச் செய்கிற வேலையெல்லாம் பொழுதைத் தொலைப்பதற்காகத்தானா? பகல் முழுவதும் பிறருக்குச் சொந்தமாயிருந்த பொழுது, சில பேருக்கு அந்த ஒரு மணி நேரத்தில்தான் தங்களிடம் திரும்பி வருகிறது.

எனக்கும் அப்படி ஒரு வேலை உண்டு: மெல்லிய பலகையில் பூவும் கொடியும் பறவையும் அறுத்தெடுப்பது. ஆங்கிலத்தில் 'பிரெட் ஒர்க்' என்பார்கள். நூல் போன்ற ஓர் அலகை இரும்புச் சட்டத்தில் வீணைத் தந்தி மாதிரி விறைப்பாகப் பூட்டிக் கையால் அறுப்பது பழைய முறை. அலகை ஒரு மோட்டார் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்க, பலகையை மட்டும் நாம் திருப்பித் திருப்பிக் கொடுப்பது 'ஸ்க்ரோல் ஸா'. எழுத்து ஓய்ந்த இரவுகளில் நான் அந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் இருக்கிறார். உத்தியோக காலத்தில் கோப்புகளைக் குறுக்கு விசாரணை செய்து பழகியவர். ஒரு நாள் என்னையும் விசாரித்தார்.

"இதையெல்லாம் விற்கிறீர்களா, ஸார்?"

"இல்லை."

"படம் நீங்களே வரைந்ததா?"

"இல்லை. புத்தகத்தில் வந்த மாதிரி."

"லேசர் கடையில் கொடுத்தால் சில நிமிஷங்களில் அறுத்துத் தந்துவிடுவானே?"

"தந்துவிடுவான்."

"அப்படியானால் இது வெட்டி வேலைதானே?"

அவர் சிலேடையாகச் சொல்லவில்லை. உண்மையான சந்தேகத்தோடுதான் கேட்டார். ஆகவே, சிரித்துத் தட்டிக் கழிக்க எனக்கு மனம் வரவில்லை. கூலியில்லை, சொந்தக் கற்பனையில்லை, அவசியமும் இல்லை. இப்படிப்பட்ட உழைப்புக்கு ஏதாவது மதிப்பு உண்டா? இது மரம் அறுப்பவனுக்கு மட்டும் உரிய கேள்வியன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

'வெட்டி' என்ற சொல்லே யோசிக்கத் தக்கது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் வரிகளைச் சொல்லும் இடங்களில் அது அடிக்கடி வருகிறது. குடிகள் கூலியில்லாமல் கொடுத்துத் தீர வேண்டிய உழைப்புக்கு அந்தப் பெயர். அந்த உழைப்பை வாங்கிக்கொண்டவர்களுக்கு அது வீண் வேலையாக இருந்திருக்க முடியாது. உழைத்தவனுக்குத்தான் அதில் ஒன்றும் மிஞ்சவில்லை. இன்று அதே சொல்லைப் பயனற்ற காரியத்துக்கெல்லாம் சொல்கிறோம். கட்டாயத்தினால் வந்த இழிவு, கூலியில்லாத வேலை எல்லாவற்றின் மேலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒருவன் பிடரியைப் பிடித்து வாங்கிய உழைப்பும், தானே மனமுவந்து கொடுத்த உழைப்பும் கூலிக் கணக்கில் ஒன்றுதான், இரண்டிலும் பூஜ்யம். ஆனால் மனிதக் கணக்கில் இரண்டும் ஒன்றா?

கூலி வந்துவிட்டால் மட்டும் வேலை உயர்ந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம் வந்தபோது, 1932, 1933-ஆம் ஆண்டுகளில், படத்தைப் பலகையில் ஒட்டித் துண்டு துண்டாக அறுத்த 'ஜிக்ஸா' புதிர்களுக்கு நாடெங்கும் ஒரே மோகம். வேலை இழந்த தச்சர்களும் கட்டடக் கலைஞர்களும் வீட்டிலேயே சிறு ரம்பத்தை வைத்துக்கொண்டு புதிர்களை அறுத்தார்கள். சிலவற்றை விற்றார்கள், சிலவற்றை நூல்நிலையப் புத்தகம் மாதிரி வாடகைக்கு விட்டார்கள். அந்தப் பணத்தில் அடுப்பு எரிந்திருக்கும். அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் பசிக்காக அறுக்கிறவன் அடுத்த துண்டு எப்போது முடியும் என்றுதான் பார்ப்பான். பசியில்லாமல் அறுக்கிறவனால் இந்த வளைவு சரியாக வந்ததா என்று பார்க்க முடிகிறது. இது குணத்தில் உள்ள வித்தியாசமன்று. நிலைமையில் உள்ள வித்தியாசம். கூலி வேலையின் மதிப்பைச் சொல்வதில்லை. அந்த வேலை வேறொருவருக்கு எவ்வளவு தேவை என்பதை மட்டும் சொல்கிறது.

இரண்டாவது குற்றச்சாட்டு இதைவிடக் கடுமையானது. பிறர் வரைந்த கோட்டின் மேலேயே போகிற கைக்குச் சுதந்திரம் ஏது? ஜான் ரஸ்கின் 1853-ல் வெனிஸ் நகரத்துக் கட்டடங்களைப் பற்றி எழுதும்போது இதைத்தான் கேட்டார். அச்சுப் பிசகாமல் பிரதி செய்யும் வேலை மனிதனை வெறும் கருவியாக்கிவிடுகிறது என்பது அவர் கட்சி. வேடிக்கை என்னவென்றால், அவர் உயிரோடிருந்த காலத்திலேயே அவருடைய நாட்டில் பிரெட் ஒர்க் மோகம் பரவிவிட்டது. நார்போக் மாவட்டத்தில் டெரஹாம் என்ற ஊரைச் சேர்ந்த ஒரு கம்பெனி 1895-ல் 'ஹாபீஸ்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கியது. அதோடு மாதிரிப் படத்தாளும் இலவசமாக வரும். வாசகர் அதைப் பலகையில் ஒட்டி, கோடு தவறாமல் அறுக்க வேண்டும். பல வீடுகளில் ஒரே மாதிரியான புகைப்படச் சட்டம், ஒரே மாதிரியான கடிகாரக் கூடு!

ரஸ்கின் சொன்னது தொழிற்சாலைக்குப் பொருந்தும். அங்கே கோடும் எஜமானனுடையது, வேகமும் எஜமானனுடையது. ஆனால் பிறர் போட்ட கோட்டில் போவதெல்லாம் அடிமைத்தனம் என்றால், நம்முடைய சங்கீத வித்வான்களின் கதி என்ன? தியாகராஜர் செய்து வைத்த கீர்த்தனத்தைத்தான் பாடுகிறார்கள். சாகித்தியம் மாறவில்லை, தாளம் மாறவில்லை. ஆனாலும் இன்னார் பாடியது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுகிறோம். வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிற பெண் தன் பாட்டி போட்ட கோலத்தைத்தான் போடுகிறாள். அந்த இழை அவள் விரலில் வரும்போது அவளுடையதாகிவிடுகிறது.

மூன்றாவது, லேசர். வேகத்தில் அதோடு போட்டியிட முடியாது. ஆனால் அந்த வேகத்தில் எது விட்டுப்போகிறது என்று பார்க்க வேண்டும். கொடிக்கு உள்ளே இருக்கும் இடைவெளிகளை அறுப்பதற்கு முதலில் ஒவ்வொன்றிலும் ஒரு துளை போட வேண்டும். அலகின் ஒரு முனையைக் கழற்றித் துளைக்குள் நுழைத்து, மறுபடி பூட்டி, விறைப்புப் பார்த்து அறுக்க வேண்டும். இருபது இடைவெளி இருந்தால் இருபது தடவை. உள்பக்கத்தையெல்லாம் அறுத்த பிறகுதான் வெளிவரம்புக்கு வருவது வழக்கம். அதை முதலில் அறுத்துவிட்டால் பிடித்துக்கொள்ளப் பலகை இராது. மெல்லிய காம்புகள் ஒடிந்துவிடும். அவசரப்பட்டுத் தள்ளினால் அலகு வளையும், அல்லது பட்டென்று அறுந்துவிடும். ரேகைக்குக் குறுக்கே போகும்போது ஒரு வேகம், ரேகையோடு போகும்போது வேறு வேகம். அந்த வேகத்தை மரம்தான் சொல்லும். அறுக்கிறவன் கேட்டுக்கொள்ள வேண்டும். கடைசியில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது, ஒவ்வொரு வளைவிலும் எந்த இடத்தில் கவனம் இருந்தது, எந்த இடத்தில் இல்லை என்று விரலுக்குத் தெரிந்துவிடும்.

எழுத்து என் தொழில் என்பதால் இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. கதையில் வலுவில்லாத இடத்தை ஓர் அழகான வாக்கியத்தால் மூடிவிடலாம். வாசகர் மன்னித்தும் விடுவார். மரத்திடம் சாமர்த்தியம் செல்லாது. பேச்சினாலும் கையெழுத்தினாலும் காலம் தள்ளுகிற இந்த நாளில், சமாதானம் சொல்லித் தப்ப முடியாத ஒரு வேலையாவது மனிதனுக்கு இருக்க வேண்டும். அவன் யோக்கியன்தானா என்று அவனுக்கே அது சொல்லும். லேசர் தருவது பொருளை மட்டும். இந்தச் சாட்சியத்தை அது தராது.

இதோடு நிறுத்திக்கொண்டால் என் கட்சி ஜயித்தது போலத் தோன்றும். ஆனால் அந்த அதிகாரி கேட்காத நான்காவது கேள்வி ஒன்று பாக்கியிருக்கிறது. அதுதான் கஷ்டமான கேள்வி.

பிரான்ஸில் பதினான்காம் லூயி காலத்தில் ஆந்த்ரே சார்ல் பூல் என்ற தச்சுக் கலைஞர் இருந்தார். பித்தளைத் தகட்டையும் ஆமையோட்டுத் தகட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, இரண்டையும் சேர்த்து மெல்லிய ரம்பத்தால் அறுப்பது அவர் பெயரால் வழங்கும் முறை. பித்தளையில் அறுபட்ட பூ, ஆமையோட்டில் உண்டான பள்ளத்தில் கச்சிதமாகப் பொருந்தும். அந்தப் பூ தனக்கு ஓர் இடம் கிடைக்க, இன்னொரு தகட்டில் அதே வடிவத்தில் ஓர் ஓட்டை விழுந்தாக வேண்டும்.

ஓய்வு நேரமும் அப்படித்தான். எனக்குக் கிடைத்த ஒரு மணி நேரம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு ஓய்வு கிடைத்தால், அதே அளவில் வேறொருவருடைய நாளில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணவன் பலகையில் கொடி அறுக்கும்போது மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறாள் என்றால், அவளுடைய உழைப்புக்கு என்ன பெயர்? கூலியில்லை, விருப்பமா என்று கேட்டவரும் இல்லை. கல்வெட்டு அதற்குத்தான் வெட்டி என்று பெயர் வைத்தது. அவளுக்குப் பொழுதுபோக்கு இல்லை என்பதை நாம் அவளுடைய சுபாவம் என்று சொல்லிவிடுகிறோம். அதிகாலைக் கோலம் ஒன்றுதான் அவள் தனக்கென்று செய்துகொள்ளும் ஐந்து நிமிஷமாக இருக்கலாம். அதையும் கடமைப் பட்டியலில் சேர்த்துவிட்டோம்.

கூலி வேண்டாம், சொந்தக் கற்பனை வேண்டாம், உலகத்துக்கு அவசியமும் வேண்டாம். மனமுவந்து, ஒழுங்காகச் செய்தால் எந்தச் சின்ன வேலைக்கும் மதிப்பு உண்டு என்றுதான் நான் நம்புகிறேன். அதற்கு ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: ஒருவன் விரும்பிச் செய்யும் வெட்டி வேலை, இன்னொருவர் விரும்பாமல் செய்யும் வெட்டியின் மேல் நிற்கக் கூடாது. ஆகவே வீட்டில் யாராவது ஒரு பொழுதுபோக்கைத் தொடங்கினால், முதலில் வாங்க வேண்டியது ரம்பமன்று. பாத்திரங்களைப் பங்கு போட்டுத் துலக்கிவிட்டு, மிச்சமுள்ள நேரத்தை இருவரும் சரிபாதியாக எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பாதி அரைமணி நேரமாகவே இருந்தாலும் போதும். ஓர் இலையை அறுத்து முடிக்க அது தாராளம்.