கொள்ளி வைக்க வர முடியாத பிள்ளை பாவியா?

‘புத்’ என்னும் நரகத்திலிருந்து பெற்றோரைக் கரையேற்றுபவன் என்பதால்தான் மகனுக்குப் ‘புத்திரன்’ என்று பெயர் என்பார்கள் பெரியோர். பெற்றவர்கள் கண் மூடும்போது அருகில் இருந்து வாயில் கங்கா தீர்த்தம் விடுவதும், சிதைக்குத் தீ மூட்டுவதும், பத்து நாள் காரியங்களைக் குறைவில்லாமல் செய்வதும் அவனுடைய தலையாய கடமை. இதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஆனால், அந்தக் கடமையைச் செய்யப் பிள்ளை துடித்தபோதும் வழியே இல்லாமல் போய்விட்டால்..?

2020, 2021-ம் ஆண்டுகளில், கொரோனா என்ற கொடிய நோய் உலகத்தையே கதவடைக்க வைத்தபோது, நம்மில் பல குடும்பங்களை உலுக்கிய கேள்வி இது. நோய் ஓய்ந்துவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் சில வீடுகளின் பூஜை அறையில் விளக்கோடு சேர்ந்து எரிந்துகொண்டிருக்கிறது. “கடைசி முகத்தைக்கூடப் பார்க்கலையே, நான் பாவிதானே?” என்று அமெரிக்காவிலோ துபாயிலோ இருக்கும் மகன் கேட்கிறான். “அவர் ஆத்மா சாந்தி அடைஞ்சிருக்குமா?” என்று இங்கே இருக்கும் தாய் கேட்கிறாள். இருவருக்கும் சாஸ்திரமும் புராணமும் என்ன பதில் சொல்கின்றன? பார்ப்போமா?

அடைபட்ட வழிகள்

முதலில், அந்த நாட்களைச் சற்று நினைவுக்குக் கொண்டு வருவோம். 2020 மார்ச் 13 முதல் வெளிநாட்டினருக்கான பெரும்பாலான விசாக்களை இந்தியா நிறுத்தி வைத்தது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற நம் பிள்ளைகள் கையில் வைத்திருந்த ஓ.சி.ஐ. அட்டைக்கும் அப்போது மதிப்பில்லாமல் போனது. அந்த மாதம் நான்காவது வாரத்தில் பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் மொத்தமாக நின்றன. வழக்கமான விமானப் போக்குவரத்து மீண்டும் தொடங்கியது 2022 மார்ச் 27-ம் தேதிதான். இரண்டு முழு ஆண்டுகள்!

நடுவில் கதவு சிறிது திறந்தது. 2020 மே 7 முதல் ‘வந்தே பாரத்’ விமானங்கள் வந்தன. குடும்பத்தில் மரணம் நேர்ந்தவர்களுக்கு அவற்றில் முன்னுரிமையும் தரப்பட்டது. ஆனாலும், ஊரில் பிராணன் பிரிந்த நேரமும் அங்கே விமானம் கிளம்பும் தேதியும் ஒத்துப்போக வேண்டுமே! ஈரானில் சிக்கித் தவித்த நம் மீனவர்கள், ‘ஜலாஷ்வா’ என்ற கடற்படைக் கப்பலில் தூத்துக்குடி வந்து சேர்ந்தபோது ஜூலை பிறந்துவிட்டது.

வேறு விதமான பூட்டுகளும் இருந்தன. ஆஸ்திரேலியாவில் வசித்தவர்கள் அந்த அரசாங்கத்தின் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறவே முடியாது என்ற நிலை 2021 அக்டோபர் இறுதி வரை நீடித்தது. அமெரிக்காவில் வேலை விசாவில் இருந்தவர்களுக்கோ இன்னொரு பயம். சென்னைக்கு வந்தால் தூதரகத்தில் விசா முத்திரை கிடைக்காது. திரும்பிப் போக முடியாமல் வேலை போய்விடும். அங்கே மனைவியும் குழந்தைகளும் தனித்து நிற்பார்கள்.

இங்கேயோ ஊரடங்கு. இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடக் கூடாது. நோய்த் தொற்றில் இறந்தவர் என்றால், வீட்டுக்கே உடல் வராது. மூடிக் கட்டி மயானத்துக்கு எடுத்துப் போய்விடுவார்கள். அடுத்த தெருவில் இருந்த பிள்ளைக்கே தகப்பன் முகம் கிடைக்காத காலம் அது!

மனதைத் தைக்கும் இரண்டு கதைகள்

“இதெல்லாம் லௌகீகக் காரணங்கள். முற்றும் துறந்த பட்டினத்தாரே தாயாருக்குக் கொள்ளி வைக்க வந்தாரே... ஆதிசங்கரர் வந்தாரே... பெற்ற பிள்ளை வர வேண்டாமா?” என்று துக்க வீட்டில் யாராவது கேட்டுவிடுவார்கள். கேட்பவருக்கு அது ஒரு வாக்கியம். கேட்டுக்கொண்டிருப்பவருக்கு ஆயுளுக்கும் ஆறாத புண்.

உண்மைதான். சந்நியாசம் வாங்கிக்கொள்ளும்போது, “உன் கடைசி நேரத்தில் வருவேன்” என்று தாய் ஆர்யாம்பாளுக்கு வாக்களித்தார் சங்கரர். காலடிக்கு வந்தார்; உறவினர்கள் கைகொடுக்க மறுத்தும் தானே தகனம் செய்தார். பட்டினத்தடிகளும் அப்படியே வந்து, பச்சை வாழை மட்டைகளை அடுக்கித் தாயாரின் சிதையை எரியச் செய்தார் என்பது வரலாறு.

ஆனால், இந்தக் கதைகள் எதற்காகச் சொல்லப்படுகின்றன என்று யோசிக்க வேண்டும். உலகத்தையே துறந்தவனாலும் தாய்க்குப் பட்ட கடனைத் துறக்க முடியாது என்பதுதான் இவை சொல்லும் பாடம். ‘வர முடிந்தும் வராதே’ என்பதற்கு எதிரான பாடம் அது. வழியில்லாமல் தடுக்கப்பட்டவனைப் பாவி என்று இந்தக் கதைகளில் எந்த இடத்திலும் சொல்லவில்லை. அப்படித் தடுக்கப்பட்டவனின் கதை வேறு ஒன்று இருக்கிறது. அது நாம் எல்லோரும் அறிந்த கதை. ஆனால் இந்தக் கோணத்தில் யோசிக்காத கதை!

நான்கு பிள்ளைகள்... ஒருவரும் அருகில் இல்லை!

தசரத சக்கரவர்த்தி எத்தனையோ ஆண்டுகள் பிள்ளை இல்லாமல் தவித்தார். புத்திரகாமேஷ்டி யாகம் செய்து நான்கு பிள்ளைகளைப் பெற்றார். அவர் உயிர் பிரிந்தபோது நால்வரில் ஒருவராவது பக்கத்தில் இருந்தார்களா? இல்லை! ராமனும் லட்சுமணனும் சித்திரகூட வனத்தில் இருந்தார்கள். பரதனும் சத்ருக்னனும் தொலைதூரத்தில் கேகய நாட்டில் இருந்தார்கள். மன்னரின் உடலை எண்ணெய்த் தொட்டியில் வைத்துப் பாதுகாத்து, தூதர்களை அனுப்பிப் பரதனை வரவழைத்தார் வசிஷ்டர் என்கிறது வால்மீகி ராமாயணம். இன்று ஃப்ரீஸர் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானத்துக்குக் காத்திருக்கிறோமே, அதே தவிப்புதான்!

மூத்த பிள்ளை ராமனுக்கு விஷயமே பிறகுதான் தெரிகிறது. பரதன் காட்டுக்கு வந்து சொல்ல, மயங்கி விழுகிறான். தெளிந்ததும் மந்தாகினி நதியில் இறங்கித் தர்ப்பணம் செய்கிறான். பிண்டம் வைக்க அங்கே அரிசி ஏது? காட்டில் கிடைத்த இங்குதிப் பிண்ணாக்கையும் இலந்தைப் பழத்தையும் பிசைந்து பிண்டமாக வைக்கிறான். சக்கரவர்த்திக்கு அது போதுமா என்று ராமன் வெட்கப்படவில்லை. தான் எதை உண்கிறானோ அதையே தந்தைக்கும் படைத்தான்.

கம்பர் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறார். அவருடைய காவியத்தில், தசரதன் பரதனை மகன் இல்லை என்று விலக்கிவிட்டதால், பரதனும் சிதைக்குத் தீ மூட்டும் உரிமை இல்லாமல் நிற்கிறான். கடைசிப் பிள்ளை சத்ருக்னன்தான் காரியங்களைச் செய்கிறான். அதனால் தசரதன் நற்கதி அடையவில்லை என்று யாராவது சொன்னதுண்டா? ராமனை யாராவது பாவி என்றதுண்டா? தர்மத்தின் வடிவம் என்றல்லவா கைகூப்புகிறோம்!

சாஸ்திரம் கல் நெஞ்சம் கொண்டதல்ல

தூர தேசத்தில் இருக்கும் பிள்ளையைத் தர்ம சாஸ்திரம் மறக்கவில்லை. ‘தேசாந்தரம்’ என்று அதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறது. செய்தி தாமதமாக வந்து சேர்ந்தால் தீட்டு எப்படிக் காப்பது, காரியத்தை எப்போது செய்வது என்றெல்லாம் விதிகள் உண்டு. அந்தக் காலத்திலேயே, ‘பிள்ளை பக்கத்தில் இல்லாமல் போகலாம்’ என்று ரிஷிகள் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மூத்த மகன் இல்லையென்றால் அடுத்த மகன், அவனும் இல்லையென்றால் பேரன், சகோதரன், அவன் பிள்ளை என்று கர்த்தாவாக நிற்கும் உரிமை வரிசையாக இறங்கி வருகிறது. தர்ப்பைப் புல்லைக் கையில் கொடுத்து, தனக்காக இன்னொருவரைச் செய்யச் சொல்லும் வழக்கமும் இருக்கிறது. கொரோனா நாட்களில் எத்தனையோ வீடுகளில் சித்தப்பாவோ மாப்பிள்ளையோ இங்கே நின்று காரியம் செய்ய, கடல் கடந்து இருந்த மகன் நடு இரவில் ஸ்நானம் செய்துவிட்டு செல்போன் திரையைப் பார்த்தபடி சங்கல்பம் சொன்னான். அதைக் கேலியாகப் பேச வேண்டாம். அங்கே போன் ஒரு கருவிதான். சிரத்தையோடு செய்ததால்தான் அது ‘ஸ்ராத்தம்’. அந்தச் சொல்லுக்கே ‘சிரத்தையோடு செய்வது’ என்றுதானே பொருள்!

மகளின் கண்ணீரையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிள்ளையாவது ‘கொள்ளி வைக்க வரலையே’ என்று நாலு பேர் கேட்கும்படி இருந்தான். சிங்கப்பூரிலும் லண்டனிலும் வாழ்க்கைப்பட்ட பெண்கள், அம்மாவின் காலைக் கடைசியாகத் தொட முடியாமல் சமையலறையில் நின்று அழுதார்களே, அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காரியத்தில் அவளுக்குப் பங்கு குறைவாக இருக்கலாம். துக்கத்தில் குறைவு உண்டா?

வராமல் இருந்ததும் தர்மமே!

மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் ‘ஆபத் தர்மம்’ என்றே ஒரு பகுதி உண்டு. சாதாரணக் காலத்துக்கு ஒரு தர்மம். ஆபத்துக் காலத்துக்கு ஒரு தர்மம். எப்படியாவது போய்விட வேண்டும் என்ற தவிப்பில், காய்ச்சலை மாத்திரை போட்டு மறைத்துக்கொண்டு விமானம் ஏற ஒருவன் நினைத்தான் என்று வைத்துக்கொள்வோம். தகப்பனுக்குச் செய்யப் போன கடமை, பக்கத்து இருக்கையில் இருக்கும் முதியவருக்கு யமனாகிவிடாதா? வீட்டில் இருக்கும் விதவைத் தாய்க்கே அந்த நோயைக் கொண்டு சேர்த்துவிடாதா? பித்ரு கடனைத் தீர்க்கப் போய் மாத்ரு ஹத்தி தேடிக்கொள்வதா?

அதனால்தான் அன்று எத்தனையோ தாய்மார்கள், கணவரின் உடல் கூடத்தில் கிடக்க, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, “நீ வராதேப்பா. அங்கேயே குழந்தைகளைப் பார்த்துக்கோ. இங்கே நான் பார்த்துக்கறேன்” என்று சொன்னார்கள். தாய் வாக்கு அது! அதைக் கேட்டு அங்கேயே இருந்தவன் தாய் சொல்லை மீறாதவன் ஆனான். அவனை எப்படிப் பாவி என்பது?

எனவே, தடுக்கப்பட்டவனுக்குப் பாவம் இல்லை. ஆனால், கடன் இருக்கிறது! இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘முடியவில்லை’ என்பது வேறு. ‘மனமில்லை’ என்பது வேறு. அதை அன்றைக்கு மனிதர்களால் பிரித்துச் சொல்ல முடிந்திருக்காது. இன்று தெரிந்துவிடும். வழி திறந்த பிறகு அவன் என்ன செய்தான்? வருஷ திதியை நினைவில் வைத்திருக்கிறானா? பாத்திரத்தில் காத்திருந்த அஸ்தியை வந்து கரைத்தானா? தனியாக இருக்கும் தாயாரை வந்து பார்த்தானா? விமானங்கள் வழக்கம்போல் பறக்கும்போதும் ‘கொரோனா’ என்று பழைய காரணத்தையே சொல்லிக்கொண்டிருப்பவனுக்கு எந்தச் சாஸ்திரத்திலும் புகலிடம் கிடையாது.

பகவானே பிள்ளையாக நின்ற தலங்கள்

பிள்ளை இல்லாதவர்க்குத் தானே பிள்ளையாக நின்ற பெருமானின் கருணை நம் கோயில்களில் இன்றும் கொண்டாடப்படுகிறது. கும்பகோணம் சாரங்கபாணி கோயிலில் கோபுரத் திருப்பணி செய்த பக்தர் லட்சுமி நாராயண சுவாமிக்குச் சந்ததி இல்லை. தீபாவளித் திருநாளில் அவர் பரமபதம் அடைய, பெருமாளே மகனாக இருந்து காரியம் செய்தார் என்பது ஐதீகம். ஆண்டுதோறும் அந்த நாளில் அவருக்கு அங்கே சிராத்தம் நடக்கிறது. பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்காக, மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளித் திதி கொடுக்கிறார் திருவண்ணாமலை அண்ணாமலையார். செங்கல்பட்டு அருகே நென்மேலியில் பெருமாளுக்கு ‘ஸ்ராத்த சம்ரக்ஷண நாராயணர்’ என்றே திருநாமம். முன்னோர் கடன் செய்ய இயலாதவர்கள் அங்கே வந்து வேண்டிக்கொள்கிறார்கள்.

புள்ளபூதங்குடியின் கதை இன்னும் நெகிழ்ச்சியானது. தன் தந்தைக்குத் தீ மூட்டக் கிடைக்காத ராமபிரான், சீதைக்காக உயிர் விட்ட ஜடாயுவுக்கு மகன் ஸ்தானத்தில் நின்று ஈமக்கடன் செய்த தலம் அது என்பார்கள். பெற்ற தகப்பனுக்குச் செய்ய முடியாததை, தகப்பன் போன்றவருக்குச் செய்தான்! கொரோனா நாட்களில் சாதி, மதம் பார்க்காமல், முகம் தெரியாதவர்களின் உடல்களைத் தோளில் சுமந்து அடக்கமும் தகனமும் செய்த தன்னார்வலர்கள் பலர் இருந்தார்கள். வர முடியாத பிள்ளைகளின் இடத்தில் நின்றவர்கள் அவர்கள். அவர்களையும் நம் பிரார்த்தனையில் சேர்த்துக்கொள்வோம்.

இன்று என்ன செய்யலாம்?

மனம் ஆறாமல் இருக்கும் பிள்ளைக்கும் பெண்ணுக்கும் சொல்லுங்கள்... அன்று தவறியது ஒரு நாள்தான். அமாவாசை மாதந்தோறும் வருகிறது. மகாளய பட்சம் ஆண்டுதோறும் வருகிறது. திதி தவறாமல் வருகிறது. விடுபட்டது எது, எப்படிச் செய்வது என்று குடும்பத்து வாத்தியாரைக் கேட்டுச் செய்யலாம். அப்பா பெயரில் ஓர் ஏழைப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டலாம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, உங்கள் தெருவிலேயே தனியாக இருக்கும் பெரியவர்களை வாரம் ஒரு முறை எட்டிப் பார்க்கலாம்.

தாய்மார்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. “நான் தாம்ப்பா வராதேன்னு சொன்னேன். அப்பாவுக்கு உன் மேல வருத்தம் எதுவும் இல்லை” என்று வாய் திறந்து பிள்ளையிடம் ஒரு முறை சொல்லிவிடுங்கள். பல ஆண்டுகளாக அவன் நெஞ்சில் எரியும் தீயை வேறு எந்தப் பரிகாரமும் இவ்வளவு சீக்கிரம் அணைக்காது. பிள்ளை நிம்மதியாக இருப்பதைக் காட்டிலும், பித்ருக்களுக்கு வேறு என்ன திருப்தி வேண்டும்?