வாசல் கதவு

போன மாதம் எங்கள் வீட்டு வாசல் கதவை மாற்றினோம். மழைச்சாரல் பட்டுப் பட்டுக் கீழ்ப்பலகை ஊறிப்போய், அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கரையான் ஏறிவிட்டது. அம்மா விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். அட்டைப்பெட்டியைத் தட்டுவது போலச் சத்தம். நிலை மட்டும் வைரம் பாய்ந்த மரம். ஒன்றும் ஆகவில்லை. "நிலைய மாத்தாதே, அது உங்கப்பா பூசை போட்டு வெச்சது. கதவ மட்டும் மாத்து" என்றார்.

கதவு வாங்குவது இவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியாது. மூன்றடி அகலம், ஏழடி உயரம் என்று சொல்லிவிட்டு வாங்கி வந்துவிடலாம் என நினைத்தேன். பழைய வீட்டு நிலை நேராக இருக்காதாம். மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, அதில் குறைந்த அளவைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மரக்கதவு மழைக்காலத்தில் உப்பும், அதனால் சுற்றிலும் கொஞ்சம் இடைவெளி வேண்டும். முகத்துக்கு வார்னிஷ் அடிப்பவர்கள் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் மறந்துவிடுகிறார்கள், தண்ணீர் அங்கேதான் ஏறுகிறது. எங்கள் பழைய கதவும் அப்படித்தான் போயிருக்கிறது.

கடையில் இருந்த தம்பி நம்ம ஆள். மரத்தை விட்டுவிட்டு என்னை இரும்புப் பாதுகாப்புக் கதவின் பக்கம் கூட்டிப்போனார். விரல் ரேகைப் பூட்டு, பல இடத்தில் பூட்டிக்கொள்ளும் தாழ்ப்பாள். கடைசியாக, கதவைச் சாத்திக் காட்டிவிட்டுச் சொன்னார்: "இத போட்டுட்டா வெளிய யாரு தட்டினாலும் உள்ள காதுலயே விழாதுண்ணே. நிம்மதியா தூங்கலாம்."

அவர் விற்பனைக்காகச் சொன்னது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு ராத்திரி. மணி பதினொன்று தாண்டியிருக்கும். அம்மா தூங்கிவிட்டார். வெளியே எங்கள் கிரில்லை யாரோ பிடித்து உலுக்கும் சத்தம். "அண்ணே, அண்ணே" என்று ஒரு பெண் குரல். கதவிலிருந்த சின்னக் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தேன். நாலு வீடு தள்ளி இருக்கும் பெண், இடுப்பில் குழந்தை. அந்த வீட்டில் சண்டை நடப்பது தாமானுக்கே தெரியும். தாழ்ப்பாளில் கை வைத்தேன். எடுக்கவில்லை. உதவி கேட்பது போல ஒரு பெண்ணை முன்னால் நிறுத்தி, கதவு திறந்ததும் பாராங்கோடு உள்ளே நுழைவார்கள் என்ற செய்தி அப்போது எல்லார் வாட்ஸ்அப்பிலும் சுற்றிக்கொண்டிருந்தது. அவளைத் துரத்திக்கொண்டு புருஷன் வந்தால்? அம்மா உள்ளே இருக்கிறாரே? இப்படி யோசித்துக்கொண்டே நான் செய்த காரியம், கூடத்து விளக்கை அணைத்தது.

எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. அங்கே இருக்கும் சீன ஆண்ட்டிக்கு எழுபது வயதிருக்கும், தனி ஆள். அவர் வீட்டு மடக்குக் கிரில் கரகரவென்று திறக்கும் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. அந்தப் பெண் அன்றிரவு அங்கேதான் தங்கினாள். காலையில் அவள் தம்பி வந்து கூட்டிப்போனான்.

இதை ஒரு நண்பனிடம் சொன்னபோது அவன் கோபப்பட்டான். "திறந்து உங்கம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா? வீட்டுல உள்ளவங்களக் காப்பாத்துறதும் தர்மம்தான்டா." சரிதான். பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கிரில்லைக் கழற்றிவிடுங்கள் என்று உங்களுக்கும் சொல்லமாட்டேன். ஆனால் அவன் பேசியது தாழ்ப்பாளைப் பற்றி. என்னை உறுத்துவது விளக்கு. கதவைத் திறக்காமலே நான் 999க்கு அடித்திருக்கலாம். வெளி விளக்கைப் போட்டு, "போலீசுக்குச் சொல்லிட்டேன், அங்கேயே நில்லும்மா" என்று கத்தியிருக்கலாம். அந்தக் குரல் ஒன்றே துரத்தி வருபவனைத் தயங்க வைத்திருக்கும். பூட்டியது என் பாதுகாப்புக்கு. விளக்கை அணைத்தது, வீட்டில் ஆளே இல்லை என்று அவளை நம்ப வைப்பதற்கு. அது பொய். அதற்கு எந்தத் திருடனையும் சாக்குச் சொல்ல முடியாது.

கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்புக்குப் போனவர்களுக்கு வேதாரண்யத்துக் கதை தெரிந்திருக்கும். வேதங்கள் பூசித்துத் திருக்காப்பிட்ட கதவு, யாராலும் திறக்க முடியாமல் கிடந்தது. மக்கள் பக்கவாட்டில் வேறொரு வழியாகப் போய் வந்தார்கள். அப்பர் சுவாமிகள் பாடினார். கதவு லேசில் திறக்கவில்லை, பதிகத்தை முழுக்கப் பாடி இறைஞ்ச வேண்டியிருந்தது. பிறகு அதை மூடச் சம்பந்தர் பாடினார். முதல் பாட்டிலேயே மூடிக்கொண்டது. சின்ன வயதில் எங்களுக்கு இது அப்பர் பெரியவரா, சம்பந்தர் பெரியவரா என்ற போட்டியாகத்தான் பட்டது. இப்போது எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. மூட ஒரு பாட்டு போதும். திறக்கத்தான் பாடுபட வேண்டியிருக்கிறது, அப்பருக்கே.

இன்னொன்று. விருந்து என்ற சொல்லுக்குப் பழைய தமிழில் புதுமை என்று பொருள். சொந்தக்காரர் வந்து சாப்பிட்டால் அதற்குப் பெயர் விருந்து இல்லை. முன்பின் தெரியாதவர் வந்தால்தான் விருந்து. வள்ளுவர் ஓர் அதிகாரம் முழுக்கப் பேசுவது அந்தப் புது ஆளைப் பற்றி. நாம் தீபாவளிக்குத் திறந்த இல்லம் வைக்கிறோம், நல்லதுதான், நானும் வைக்கிறேன். ஆனால் யார் வரப்போகிறார்கள் என்று தெரிந்துதானே முறுக்கு சுடுகிறோம்?

அம்மா சாயங்காலம் விளக்கு ஏற்றியதும் கதவைத் திறந்து வைப்பார். லட்சுமி வரும் நேரமாம். வெளிக் கிரில் மட்டும் பூட்டியே இருக்கும். லட்சுமி எப்படியோ புகுந்து வந்துவிடுவாள் என்ற நம்பிக்கை போலிருக்கிறது. கிண்டல் செய்தால் அம்மாவுக்குப் பிடிக்காது. மஞ்சள் குங்குமம் வைப்பதும், தோரணம் கட்டுவதும், படியை மிதிக்காமல் தாண்டுவதும் எல்லாம் நிலைக்கும் படிக்கும்தான். சாத்துகிற பலகைக்கு அவ்வளவு மரியாதை இல்லை. நிலையை மாற்றாதே என்று அம்மா சொன்னதில் ஏதோ இருக்கிறது.

கடைசியில் நியாத்தோ மரக்கதவுதான் வாங்கினேன். முகத்துக்கு நேராகக் கனமான கண்ணாடி பதித்த சின்னச் சதுரம். உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியே நிற்பவருக்கும் உள்ளே ஆள் இருப்பது தெரியும். ஆசாரி "இது பாதுகாப்பில்லையே சார்" என்றார். கிரில் இருக்கிறது, பூட்டும் நல்ல பூட்டுதான் என்றேன். வாசல் விளக்கின் சுவிட்சைக் கதவுக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னேன். ஆறு விளிம்புக்கும் நானே வார்னிஷ் அடித்தேன். அவர் சிரித்தார், கதவுக்கு நாலு விளிம்புதானே என்று. பதற்றத்தில் எண்ணிக்கையும் தப்பிவிட்டது.

போன வாரம் பாசார் மாலாமில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இப்போது வேறு ஊரில் இருக்கிறாளாம், தம்பியைப் பார்க்க வந்தாளாம். குழந்தை நடக்கிறது. "அம்மா நல்லா இருக்காங்களாண்ணே?" என்று அவளே கேட்டாள். நல்லா இருக்காங்க என்றேன். எங்கள் பழைய கதவுக்கு மேலே காற்றோட்டத்துக்காக ஒரு வரிசைக் கண்ணாடி இருந்தது. கூடத்து விளக்கு அணைந்தால் வாசலில் நிற்பவருக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். பிள்ளை ஆப்பம் பாலேக் கடைப் பக்கம் இழுக்கவும், "வரேண்ணே" என்று போய்விட்டாள்.