தண்டமுங் கருணையும்

மேற்றிசை மலையடியில் விளங்கும் வாசுதேவநல்லூரிலே சிந்தாமணிநாதப் பெருமான் மாதொரு பாகராய் எழுந்தருளியிருத்தல் அன்பர் பலரும் அறிந்ததே. நெல்லைச் சீமையைச் சார்ந்திருந்த அவ்வூர் 2019-ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்ததாயிற்று. மாதொருபாகத் திருவுருவோடு இயைத்துப் பிருங்கி முனிவர் வரலாறு பேசப்படும். அம்மையை விலக்கி அப்பனை மட்டும் வலம்வந்த அம்முனிவர் தம் உடல்வலியை இழந்தார். நிற்கவும் மாட்டாது தளர்ந்த அவர்க்கு ஊன்றி நிற்க மூன்றாவதொரு காலும் அருளப்பட்டது. வலியை வாங்கியது தண்டம். காலை ஈந்தது கருணை. ஒறுத்தவிடத்தே தாங்குதலும் உடனிகழ்ந்தது. மக்கள் மக்களை ஒறுக்கும் ஒறுப்பில் இவ்விரண்டாங் கூறு உளதோ என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருளாம்.

அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில் வினையின் இயல்பை விளக்குமிடத்து, அரசன் செய்யும் தண்டத்தையும் இறைவன் அருள்வழிப்பட்டதாகவே வைத்து ஓதினார். தீவினை செய்தாரை அரசன் சிறைப்படுத்தி ஒறுத்து அவ்வினையைத் தீர்ப்பன். பின்னர் அவர் சொல்வழி நடக்குந் தூயராவர். நிரயமும் அவர் புகார் என்பது ஆண்டுப் போந்த கருத்து. இதனால் மூன்று பெறப்படும். தண்டமாவது நோய் தீர்க்கும் மருந்தன்றிப் பழிவாங்குதல் அன்று என்பது ஒன்று. தண்டத்திற்கு ஓர் எல்லையுண்டு, அது கடந்தபின் ஒறுக்கப்பட்டான் தூயனே என்பது ஒன்று. ஒறுப்பானது அதிகாரம் அவன் தனதன்று, அருள்வழி நிற்குந்துணையுமே அவன்பால் நிற்பது என்பது மற்றொன்று.

அற்றேல், ஒருவன் நுகருந் துன்பமெல்லாம் அவன் பிராரத்தமேயாகலின், நீதிபதியுஞ் சிறைக்காவலரும் அவ்வினையை ஊட்டுங் கருவிகளே. அவர் செய்தது நன்றோ தீதோ என ஆராய்தல் எற்றுக்கு எனின், அற்றன்று. கத்தி அறிவற்றது, அதற்கு வினையில்லை. ஒறுப்பானோ அறிவும் இச்சையும் உடைய ஆன்மா. ஒரே செயல் ஒருவனுக்கு நுகர்வினையாய்க் கழியும்போதே மற்றவனுக்கு ஏறுவினையாய்ச் சேரும். துன்புற்றான் முன்செய்த வினை, துன்புறுத்தினான் இப்பொழுது செய்யும் வினைக்கு ஒருபொழுதும் போர்வையாகாது. இவ்வேறுபாட்டை மறந்து, ‘அவன் வினை’ என்று கூறிக் கைகழுவுதல் கன்மக் கொள்கைக்கு இழுக்குத் தேடுவதேயாம்.

இதனை ஒரு மெய்வரலாற்றில் வைத்துக் காண்போம். ஒட்டப்பிடாரத்திற் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் 1908-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற் சிறைப்படுத்தப்பட்டார்கள். அவ்வாண்டு சூலை 7-ஆம் நாள் திருநெல்வேலி நீதிபதி பின்ஹே, அரச நிந்தனைக் குற்றத்திற்கு ஒன்றும், சுப்பிரமணிய சிவாவுக்கு உதவியதற்கு ஒன்றுமாக இருபதாண்டுத் தீவாந்தர தண்டனை இரண்டு விதித்தார். பின்னர்ச் சென்னை உயர்நீதிமன்றம் அதனை ஆறாண்டாகக் குறைத்தது. ஒரே செயலுக்கு ஓரிடத்து நாற்பதாண்டு, மற்றோரிடத்து ஆறாண்டு! குற்றத்தின் அளவறிந்து மருந்தின் அளவு வகுத்திருப்பின் இத்துணை வேற்றுமை எங்ஙனம் நிகழும்? நாற்பதில் எஞ்சிய முப்பத்து நான்கும் சினத்தின் அளவேயன்றிக் குற்றத்தின் அளவாகா.

கோவைச் சிறையிற் செக்கிழுத்த அப்பெரியார், கண்ணனூர்ச் சிறையிலும் இருந்து 1912-ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்தனர். சிறையிலிருந்தே அறநூல்கள் யாத்தனர். 1935-ஆம் ஆண்டில் சிவஞானபோதத்திற்கு உரையும் வெளியிட்டனர். இதுகொண்டு, ‘சிறை அவரைப் பண்படுத்திற்று’ என்பாரும் உளர். அவர்க்கு ஒன்று கூறுவோம். அதே வழக்கில் ஒறுக்கப்பட்ட சுப்பிரமணிய சிவா சிறையினின்றும் தொழுநோயொடு வெளிவந்து, அந்நோயுடனேயே அலைந்து 1925-ஆம் ஆண்டில் மறைந்தனர். அந்நோய் எந்தத் தீர்ப்பிலும் எழுதப்பட்டதன்று. செக்கினின்று மெய்ந்நூல் பிறந்தது செக்கின் பெருமையன்று. முன்னரே கைவந்த கல்வியும் சிவபத்தியும் செய்த உதவியாம். அவை இல்லாதானுக்குச் செக்கு செக்கேயாய் முடியும்.

சிதம்பரனார் நாட்டன்பாற் சிறை புக்கவர்; மெய்யாகவே கொலையுங் களவுஞ் செய்தாரை என்செய்வது எனின், அவரைத் தடுத்து அடக்குதல் அரசின் கடனே. அடக்காதுவிடின் எளியார் நலிவர். அந்நலிவு அரசையே சாரும். ஆயின் அடக்கி வைக்கும் இடம் எத்தகையது என்பதே வினா. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது என்பது நம் சித்தாந்தத்தின் உயிர்நிலைக் கொள்கைகளுள் ஒன்று. வறுமையால் முதன்முறை திருடிய இளைஞனைக் களவிற் பழகியாரோடு ஒருங்கு அடைத்து வைத்து, அவன் திருந்துவான் என எதிர்பார்த்தல், கரியிடையிட்ட பளிங்கினை வெண்ணிறம் காட்டுக என வேண்டுதலோடு ஒக்கும்.

இதனினும் பெரியதொரு குறை உண்டு. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தார் 5,73,220 பேர். அவருள் 4,34,302 பேர் வழக்கு இன்னும் முடியாத விசாரணைக் கைதிகள். நான்கில் மூவர், குற்றம் உறுதிப்படுமுன்னரே சிறைத்துன்பம் நுகர்கின்றனர் என்பது இதனாற் போதரும். நோய் இன்னதென்று துணியுமுன் அறுவை செய்யும் மருத்துவனை யாம் மருத்துவன் என்போமா? இறைவன் ஒறுத்தல் முற்றறிவின்கண் நின்று நிகழ்வது. அங்கே பிழை புகாது. சிற்றறிவுடைய மாந்தர் அவ்வதிகாரத்தை ஏற்குமிடத்துத் தம் அறிவின் குறைவை நினைந்து அஞ்சி நடத்தலே முறையாம். விரைவும் வன்மையும் அவர்க்குப் பொருந்தா.

சிறைக்குள்ளும் சாதி புகுந்த கொடுமையோ சொல்லுந் தரத்ததன்று. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் உச்சநீதிமன்றம், சிறைகளிற் சாதி பற்றித் தொழில் பகுத்தலும் இடம் பகுத்தலும் அரசியற் சட்டத்திற்கு மாறென்று தீர்ப்பளித்தது. நம் பாளையங்கோட்டைச் சிறையிற் கைதிகள் சாதிவாரியாகப் பிரித்து வைக்கப்பட்டமையும் அவ்வழக்கிற் பேசப்பட்டது. ‘பூசல் விளையாதிருக்கவே பிரித்தோம்’ என்பது அதிகாரிகள் கூற்று. பூசலைத் தடுத்தல் வேண்டுவதே. ஆயின் பிறப்பினை வரம்பாக்கி வைத்தால், சிறைபுக்கான் ஆணவத்தின் ஒரு கூற்றைக் குறைத்துக்கொள்ளாது பெருக்கிக்கொண்டன்றோ வெளிவருவான்?

மருந்து போலுந் தண்டம் இயலுவதோ எனின், இயலும். 2024-ஆம் ஆண்டு சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டச் சட்டத்தில், சிறு குற்றங்கள் சிலவற்றிற்குச் சமுதாயத் தொண்டும் ஒரு தண்டனையாக வைக்கப்பட்டுள்ளது. பிறர்க்குத் தீங்கு செய்த கையாற் பிறர்க்குப் பணி செய்வித்தல் சித்தாந்த நெறிக்கு மிக அணித்து.

இறுதியாக மெய்ப்பொருள் நாயனாரை நினைவோம். வேடத்தால் வஞ்சித்துத் தம்மைக் குத்திய முத்தநாதனைத் தத்தன் வெட்டப் புகுந்தகாலை, அதனைத் தடுத்து, ஊறின்றி அவனை ஊர்கடத்தி விடுமாறு பணித்து, அது முடிந்த செய்தி கேட்ட பின்னரே அவர் உயிர் நீத்தனர். அவ்வருள் எல்லா அரசர்க்கும் எளிதன்று. அதனைச் சட்டமாக்குக என்று யாம் கூறவும் இல்லை. தத்தன் வாளினும் நாயனார் சொல்லே சிவநெறிக்கு அணித்து என்பதை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும்.

அரசினர் செய்யத்தக்கவை பல. நம்மனோர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. தண்டம் தீர்ந்தபின் அவன் தூயன் என்று நம் ஆசிரியர் அறுதியிட்டனர். ஆயின் சிறை மீண்டானுக்கு வேலை கொடுப்பாரும் பெண் கொடுப்பாரும் அரியர். திண்ணையில் இருத்துவாரும் அரியர். அரசு விதித்த ஆறாண்டு கழிந்தும் ஊரார் விதித்த தண்டம் ஆயுள்முழுதும் தொடர்கின்றது. திருமடங்களும் சைவ சபைகளும் அத்தகையார் ஒருவர்க்கேனும் நந்தவனப்பணியோ மடைப்பள்ளிப்பணியோ உதவி உடனிருத்திக்கொள்ளுமாயின், பிருங்கி முனிவர்க்கு ஈந்த மூன்றாவது காலை அவர்க்கும் ஈந்ததாகும். அதனைச் செய்யாக்கால், சித்தியாரை ஓதும் நமது நா அதன் பொருளுக்குச் சான்று பகராது.

திருச்சிற்றம்பலம்.