ஊதச் சொன்ன பிறகு

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் முருங்கப்பாக்கம் தாண்டி வந்தால் அரியாங்குப்பம் ஆற்றுப் பாலம். அதன்பின் கடைத்தெரு, வீராம்பட்டினம் திருப்பம், நோணாங்குப்பம் படகுக் குழாம், தவளக்குப்பம் என்று ஆள் நடமாட்டம் ஓயாத இடங்களே வரிசையாக வருகின்றன. கடலூர்ப் பேருந்தும் லாரியும் பள்ளி வேனும் மீன் கூடை கட்டிய டிவிஎஸ் 50-ம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகிற சாலை இது. வாரக் கடைசியில் வெளியூர்க் கார்களும் சேர்ந்துகொள்ளும். தமிழ்நாட்டைவிட இங்கே மது விலை மலிவு என்பதற்காகவே எல்லை தாண்டி வந்து குடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அவற்றில் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் இரவில் வண்டியை மறித்து, குடித்திருக்கிறாரா என்று அறியக் கருவியில் ஊதச் சொல்வது நியாயம்தான். சாலையோரம் நடந்து வீடு திரும்புகிறவரின் உயிரோடு ஒப்பிட்டால், ஓட்டுகிறவருக்கு ஏற்படும் சங்கடம் ஒன்றுமே இல்லை. அறம் தொடர்பான சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எண் வரம்பைத் தாண்டிவிட்டது, வழக்கும் பதிவாகிவிட்டது. அந்த மனிதரைத் தண்டித்து அனுப்பினால் போதுமா? குடியின் பிடியில் எவ்வளவு சிக்கியிருக்கிறார் என்று மருத்துவ முறையில் ஆராயவும் வேண்டுமா? அப்படி ஆராய அரசுக்கு உரிமை உண்டா?

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 185-ஆவது பிரிவில் மதுவைப் பற்றிக் கேட்பது ஒன்றைத்தான்: அந்த நேரத்தில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்ததா? 2019 திருத்தம், முதல் குற்றத்துக்கான அபராதத்தை 2,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாய்க்கு உயர்த்தியது. ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். இரண்டாம் முறை என்றால் 15,000 ரூபாய், இரண்டு ஆண்டு வரை சிறை. லைசென்ஸ் முதல் முறை மூன்று மாதம் முடக்கப்படும், அடுத்த முறை ரத்தாகும். முடக்கப்பட்ட லைசென்ஸ் திரும்பக் கிடைக்க ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடிக்க வேண்டும். குடிநோயாளி ஒருவருக்கு மறுபடி வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பதால் என்ன பயன்? ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாமல் அவர் மாட்டிக்கொள்ளவில்லையே. ‘வழக்கமான குடிகாரர்’ ஒருவரின் லைசென்ஸைப் பறிக்கலாம் என்று அதே சட்டத்தின் 19-ஆவது பிரிவு சொல்கிறது. யார் அப்படிப்பட்டவர் என்று கண்டறியும் மருத்துவ முறை எதையும் அது வகுக்கவில்லை.

வேறு நாடுகள் இந்த இடத்தில் இன்னொரு படியை வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் பல மாநிலங்களில், குடித்துவிட்டு ஓட்டிய வழக்கில் சிக்கியவர் மது, போதை மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். இல்லினாய் மாநிலத்தில் அவரை நான்கு அபாய நிலைகளில் ஒன்றில் வைத்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தருகிறார்கள். ஜெர்மனியில் 100 மில்லி ரத்தத்தில் 160 மில்லிகிராமைத் தொட்டவர் மருத்துவ, உளவியல் சோதனையில் தேறினால்தான் மீண்டும் லைசென்ஸ். பிரான்சிலும் குடியால் லைசென்ஸ் முடக்கப்பட்டவர் மருத்துவப் பரிசோதனை முடித்தாக வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் வாழும் புதுச்சேரியில் சிலருக்கு இது உறவினர் வழியே காதில் விழுந்த செய்தியாகக்கூட இருக்கும். பிரான்சின் பொதுவான வரம்பு 50 மில்லிகிராம், நம்முடையது 30. எண்ணில் நாம் அவர்களைவிடக் கறார். எண்ணுக்குப் பிறகு நம்மிடம் எதுவும் இல்லை.

இரண்டு பேர் ஊதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் கருவி 90 என்று காட்டுகிறது. கல்யாண வீட்டில் நண்பர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கி, வருடத்தில் ஒருநாள் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவருக்கும் 90. கை நடுக்கம் நிற்பதற்காகவே விடிந்ததும் சாராயக்கடை வாசலில் நின்று, இரவு வரை விட்டுவிட்டுக் குடித்து, ஆனாலும் தெளிவாகப் பேசி நேராக நடக்கிற கொத்தனாருக்கும் 90. உண்மையில் இரண்டாமவரின் நிதானம்தான் மருத்துவர்களைக் கவலைகொள்ள வைக்கும். உடல் அந்த அளவுக்குப் பழகிவிட்டது என்பதற்கு அது அடையாளம். இவ்விருவரையும் பிரித்தறியப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 1989-இல் வெளியிட்ட ‘ஆடிட்’ வினாத்தாளில் பத்தே கேள்விகள். எவ்வளவு அடிக்கடி, தொடங்கினால் நிறுத்த முடிகிறதா, காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா என்று போகும். மொத்தம் 40-க்கு எட்டோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டிய நிலை. சில நிமிடங்களில் முடிகிற காரியம்.

இந்தச் சில நிமிடங்கள் ஏன் முக்கியம்? 2019-இல் வெளியான தேசியப் போதைப்பொருள் பயன்பாட்டு ஆய்வின்படி இந்தியாவில் குடிப்பவர்கள் ஏறத்தாழ 16 கோடி பேர். அவர்களில் 2.9 கோடிப் பேர் குடிக்கு அடிமையானவர்கள். இப்படி அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்கிறார். மற்றவர்கள் மருத்துவமனைப் படி ஏறுவதே இல்லை. ஜிப்மர் மருத்துவமனை பக்கத்திலேயே இருந்தும், மனநலப் பிரிவு என்றாலே கால் பின்வாங்கும். அப்படிப்பட்ட ஒருவரை அரசு நேருக்கு நேர் சந்திக்கிற அபூர்வமான தருணம்தான் குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு. அந்தத் தருணத்தில் பத்தாயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவது அறத்தின் கண்ணில் அலட்சியம். அவர் பொருட்டு மட்டுமல்ல, அடுத்த முறை அவர் வண்டிக்கு முன்னால் வரப்போகிறவர் பொருட்டும்.

ஆனால் மறுபக்கத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மூச்சைக் கேட்பது வேறு, வாய்மொழியைக் கேட்பது வேறு. கைரேகை, கையெழுத்து மாதிரி போன்றவற்றைத் தருவது தனக்கெதிரான சாட்சியம் ஆகாது என்று 1961-இல் காத்தி காலு ஓகாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவர் மனத்தில் உள்ளதை அவர் சம்மதமின்றி எடுப்பது அரசமைப்பின் 20(3)-ஆவது கூறுக்கு விரோதம் என்று 2010-இல் செல்வி வழக்கில் சொன்னது. நார்கோ சோதனை பற்றிய தீர்ப்பு அது. ஆனாலும் அதன் அடிப்படை இங்கேயும் பொருந்தும். ஊதுகுழலில் நுரையீரல் பதில் சொல்கிறது. பத்துக் கேள்விக்கு மனிதர் பதில் சொல்ல வேண்டும். “காலையிலேயே வேண்டியிருக்கு சார்” என்று அவர் உண்மை பேசினால், அந்த உண்மையே தண்டனையைக் கூட்டுமென்றால், ஆலோசகர் என்ற பெயரில் எதிரே உட்கார்ந்திருப்பவர் இன்னொரு விசாரணை அதிகாரிதான். விவரம் தெரிந்தவர் வக்கீலிடம் கேட்டுக்கொண்டு வந்து “ரெண்டு பீர்தான் சார், அதுவும் எப்பவாவது” என்பார். மனம் திறந்தவர் மாட்டிக்கொள்வார். பொய் சொன்னவர் வீட்டுக்குப் போவார். அநீதி ஒருபுறம் இருக்கட்டும், மதிப்பீடே அங்கு செத்துவிடுகிறது.

மாறாக, நோய் என்று அறிக்கை வந்தால் தண்டனை குறையும் என்று வைத்தால்? நோய்ச் சான்றிதழுக்கு விலை வைக்கப்படும். 2024 மே மாதம் புனே கல்யாணி நகரில் நடந்ததை நாடு மறந்திருக்காது. 17 வயதுச் சிறுவன் ஓட்டிய போர்ஷே கார் மோதி, பைக்கில் போன இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் இறந்தார்கள். சிறார் நீதி வாரியம் அன்றைக்கே பிணை கொடுத்தது. விபத்துகளைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை, போக்குவரத்துப் போலீசாருடன் 15 நாள் பணி, குடிப்பழக்கத்துக்கு ஆலோசனையும் சிகிச்சையும் என்பவை அதன் நிபந்தனைகளில் சில. கட்டுரையைக் கேட்டுத்தான் நாடு கொதித்தது. கவனிக்க வேண்டியது சிகிச்சை நிபந்தனையை. தனியாகப் பார்த்தால் அதில் குற்றமில்லை. இரண்டு சடலங்களுக்குப் பக்கத்தில், பிணைக்கு ஈடாக வைக்கப்பட்டபோது அது கேவலப்பட்டுப் போனது. பிறகு ரத்த மாதிரியையே மாற்றிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டில் இரண்டு மருத்துவர்கள் கைதானார்கள். அறிக்கையால் ஒருவருக்கு லாபம் என்று ஆகிவிட்டால், அறிக்கை எழுதும் கைக்குச் சோதனை வந்துவிடுகிறது.

பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், “ஓட்டினவர் ஒரு நோயாளி அம்மா” என்று சொல்ல யாருக்கும் நா எழாது. ‘அப்படியானால் அது குற்றமில்லையா?’ என்று அவர் கேட்கக்கூடிய கேள்விக்கு இந்த வாதத்தில் பதில் இருக்க வேண்டும். பதில் இதுதான்: குடியை நிறுத்த முடியாதது நோயாக இருக்கலாம். சாவியை எடுத்தது நோய் அல்ல. தினமும் குடிக்கிற ஒருவருக்குத் தான் இன்றும் குடிக்கப்போகிறோம் என்பது வேறு எவரையும்விட உறுதியாகத் தெரியும். வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போவதற்கான தெளிவு, முதல் மிடறுக்கு முன்னால் அவரிடம் இருந்தது. பொறுப்பு அந்த நேரத்தைச் சேர்ந்தது. ஆகவே தண்டனையை மதிப்பீடு தொடக்கூடாது, கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. குற்றத்துக்கு என்ன உண்டோ அதை நீதிமன்றம் முதலில் விதித்து முடிக்கட்டும். மதிப்பீடு அதன்பின் வரட்டும், எல்லோருக்கும் கட்டாயமாக.

நம் சட்டத்துக்கு இந்தச் சிந்தனை அந்நியமும் அல்ல. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு, சிறிய அளவோடு பிடிபட்டுத் தண்டிக்கப்படும் அடிமையானவரை, அவர் சம்மதித்தால், சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு வழி கொடுக்கிறது. கஞ்சாவுக்குத் திறந்த கதவு சாராயத்துக்கு மூடியிருக்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தனியாகப் புகைத்து அழிகிறவர் பெரும்பாலும் தன்னைத்தான் அழிக்கிறார். ஓட்டுகிறவர் ஊரைப் பணயம் வைக்கிறார். அதனால்தான் இங்கே தண்டனைக்குப் பதிலாக அல்லாமல், தண்டனைக்கு மேலாகச் சிகிச்சை வர வேண்டும். கஞ்சாவோ தூக்க மாத்திரையோ போட்டுக்கொண்டு ஓட்டுகிறவரை ஊதுகிற கருவி பிடிக்கவே பிடிக்காது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எண் இல்லாத அந்த இடத்தில் மருத்துவரின் மதிப்பீட்டுக்கு இன்னும் கூடுதல் வேலை இருக்கிறது.

செலவு யாருடையது? அமெரிக்காவில் பொதுவாக மாட்டிக்கொண்டவரே கட்டுகிறார். புதுச்சேரியில் அப்படிச் செய்வது அடாது. சாராயக்கடையையும் கள்ளுக்கடையையும் ஏலம் விட்டு, பிராந்திக் கடைக்கும் பாருக்கும் உரிமம் கொடுத்து, கலால் வருவாயைத் தன் வரவின் முக்கியமான தூண்களில் ஒன்றாக வைத்திருக்கிற அரசு இது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இங்கே எழுந்த பதற்றமே அந்த வருவாயின் கனத்தைக் காட்டியது. அடுத்த ஆண்டே நகராட்சிப் பகுதிகளுக்குத் தளர்வும் கிடைத்தது. கடலூர் சாலையில் ஒருவரைக் குடித்த நிலையில் கண்டுபிடிக்கிற அரசு, அவர் குடித்ததில் பங்கு பெற்ற அரசும்கூட. அது வசூலித்த தொகையில் ஒரு சிறு துளி போதும், மதிப்பீட்டையும் சிகிச்சையையும் இலவசமாக நடத்த. பத்தாயிரம் ரூபாய் அபராதமே இப்போது எல்லோருக்கும் ஒரே எடையில் விழவில்லை. சுற்றுலா வந்த காரோட்டிக்கு அது ஒரு வாரக் கடைசியின் செலவு. கொத்தனாருக்கு அது வீட்டு அரிசியும் பிள்ளைகளின் பள்ளிக்கட்டணமும். அதன்மேல் மதிப்பீட்டுக் கட்டணம் என்று இன்னொன்றைச் சுமத்தினால், பணமுள்ளவருக்குச் சிகிச்சை, இல்லாதவருக்கு ஜெயில் என்று போய் முடியும்.

மிகக் கடினமான இடம் ரகசியம். மதிப்பீட்டில் வேன் ஓட்டுநர் ஒருவர், காலையில் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்பே குடிப்பதாகச் சொல்லிவிடுகிறார். ஆலோசகர் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? முடியாது, கூடாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதை சார்ந்த மனநிலைகளையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்து, 23-ஆவது பிரிவில் நோயாளியின் ரகசியத்தைக் காக்கிறது. பிறரைத் தீங்கிலிருந்து காக்கத் தேவையென்றால், அதற்கு வேண்டிய அளவு தகவலை மட்டும் வெளியிடலாம் என்றும் சொல்கிறது. இங்கே வேண்டிய அளவு மிகச் சிறியது: ‘இன்ன காலம் வரை இவர் வண்டி ஓட்டத் தகுதியற்றவர்’ என்ற ஒரு வரி, போக்குவரத்துத் துறைக்கு. எப்போது தொடங்கினார், வீட்டில் என்ன சண்டை, எந்தக் கடனை நினைத்துக் குடிக்கிறார் என்பதெல்லாம் மருத்துவக் கோப்பைத் தாண்டக் கூடாது, நீதிமன்றம் உட்பட எங்கும். லைசென்ஸ் ரத்தானவரின் பெயரைப் பொதுவில் வெளியிடலாம் என்று 2019 திருத்தம் இடம் கொடுக்கிறது. பெருநகரத்தில் அந்தப் பட்டியலை யாரும் படிக்கமாட்டார்கள். ஒருவரையொருவர் தெரிந்த அரியாங்குப்பம் தெருவில் அது அவரோடு நிற்காது, மகளுக்கு வரன் பார்க்கிற இடம் வரை போகும். குற்றம் செய்யாதவர்களுக்குக் கொடுக்கிற அந்தத் தண்டனைக்கு நியாயமே கிடையாது.

சிகிச்சை முடிந்தும் சிலர் மறுபடி குடிப்பார்கள். குடிநோயைக் கையாளும் எந்த மருத்துவரும் இதற்கு அதிர்ச்சி அடைவதில்லை, இந்த நோயின் போக்கே அப்படி. விழுந்தவரை மீண்டும் சேர்த்துக்கொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டும், அதைக் குற்றக் கணக்கில் ஏற்றக் கூடாது. மறுபடி குடித்துவிட்டு வண்டியை எடுத்தால் மட்டும் லைசென்ஸ் போகட்டும், அதில் இரக்கம் வேண்டாம். முதலாவதை மருத்துவர் அறிந்தால் போதும், இரண்டாவதை அரியாங்குப்பம் காவல் நிலையம் தானே ஊதவைத்துக் கண்டுபிடித்துக்கொள்ளும். மருத்துவரிடமிருந்து காவல் நிலையத்துக்கு எந்தக் காகிதமும் போக வேண்டிய அவசியமில்லை.